பி பேஸுக்கு மாற்றுப் பிக்கப்: டிமார்சியோ மாடல் பி, குவார்ட்டர் பவுண்ட், பழைய பாணி ஆல்னிகோ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் வகை பேஸ் கிட்டார் (சுருக்கமாக பி பேஸ்) வைத்துக்கொண்டு, விரலால் வாசித்து, கீபோர்டு, தபலா, டோலக், ரிதம் பேட், நாலு பாடகர்கள் என்று நிறைந்து வழியும் மெல்லிசை மேடையில் நிற்பவராக இருந்தால் டிமார்சியோவின் மாடல் பி பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பாகம்) வாங்குங்கள். ஃபிளாட்வூண்ட் ஸ்ட்ரிங் (மேல்பரப்பு வழவழப்பானது) போடுபவர்களுக்குப் பழைய பாணி ஆல்னிகோ 5 (ஒரு காந்த உலோகக் கலவை) பிக்கப்பே போதும், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். சீமோர் டங்கன் குவார்ட்டர் பவுண்ட் ராக் வாசிப்பவர்களுக்கும் பிக்கால் (மீட்டும் சின்னத் தகடு) அடிப்பவர்களுக்கும். அவசரமாக ஆர்டர் போட உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் இந்த மூன்றில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது உங்கள் மேடையில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

என்னுடையது விலை குறைந்த ஒரு பி வகை பேஸ். மரமும் நெக்கும் நன்றாக இருக்கின்றன, ட்யூனிங் நிற்கிறது, ஃப்ரெட் வேலை சுத்தம். குறை பிக்கப்பில் மட்டும்தான். வீட்டில் சின்ன ஆம்பில் தனியாக வாசித்தால் கொழுகொழுவென்று இனிமையாக இருக்கும்; மேடையில் எல்லோரும் சேர்ந்தவுடன் ஒரு அதிர்வு மட்டும் மிஞ்சும், எந்த ஸ்வரம் என்று முன்வரிசைக்குத் தெரியாது. இளையராஜாவின் 80களின் பாடல்களை வாசிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். அங்கே பேஸ் பாடகரின் மெட்டுக்கு எதிரே தனி மெட்டாகவே நடக்கும், அதன் ஒவ்வொரு ஸ்வரமும் கேட்டே ஆக வேண்டும்.

ஏன் கேட்காமல் போகிறது? ஈ ஸ்ட்ரிங்கை எங்கும் அழுத்தாமல் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ். மண்டபங்களுக்கு வாடகைக்கு வரும் பல ஸ்பீக்கர் பெட்டிகள் அவ்வளவு கீழே ஒழுங்காக இறங்குவதில்லை. இறங்கினாலும் அந்த இடத்தைக் கிக் டிரம்மும் டோலக்கின் கனத்த பக்கமும் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். காது அந்த ஸ்வரத்தை அதன் மேலே இருக்கும் 82, 123, 164 என்று ஏறிப்போகும் ஹார்மானிக்குகளிலிருந்துதான் அடையாளம் கண்டுகொள்கிறது. ஆகவே கூட்டத்தில் பேஸ் 'பேசுவது' மிட் எனும் நடுப்பகுதியில், ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை. கடையில் தனியாக உட்கார்ந்து கேட்கும்போது நம்மை மயக்குவது கீழ்ப்பகுதியும் மேலே இருக்கும் பளபளப்பும். இரண்டும் வேறு வேறு விஷயங்கள். இதை மறந்துவிட்டு இணையத்தில் இருக்கும் தனி வாசிப்பு வீடியோக்களைப் பார்த்துப் பிக்கப் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

வாங்கும் முன் அதிகம் காசு செலவில்லாத சில வேலைகள் இருக்கின்றன. ஸ்ட்ரிங் பழையதாகிப் போயிருந்தால் எந்தப் பிக்கப்பும் அதில் இல்லாததை எடுத்துத் தராது, முதலில் புது செட் போட்டுக் கேளுங்கள். அடுத்தது உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஈ பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் சுமார் 2.5 என்பது நல்ல ஆரம்பம். ரொம்பக் கீழே கிடந்தால் ஒலி மெலிந்து தூரத்தில் கேட்கும். ரொம்ப மேலே ஏற்றினால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுத்துப் பிடிக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும். அப்புறம் கேபிள். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும், நீளம் கூடக்கூட பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸின் மேல் ஒலிகள் மழுங்கும். 10 மீட்டர் கேபிளில் வாசித்துவிட்டு பிக்கப் மந்தம் என்று குறை சொல்வது நியாயமில்லை. இந்த மூன்றையும் சரிசெய்த பிறகும் குறை இருந்தால் மட்டும் பிக்கப்பைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடம் மாறப்போவதில்லை. ஸ்ட்ரிங்கின் எந்த இடத்திலிருந்து ஒலியை எடுக்கிறோம் என்பதுதான் ஒரு பேஸின் அடிப்படைக் குணம், பி பேஸ் பி பேஸாகத்தான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அது ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பக்கப் பிக்கப் போல மூக்கால் பேசாது. அந்த ஒலிதான் வேண்டும் என்றால் வேறு பேஸ்தான் வாங்க வேண்டும்.

பி பேஸ் 1951-ல் வந்தது. இன்று நாம் பார்க்கும் இரண்டு துண்டுப் பிக்கப் 1957-ல் வந்தது. ஒரு துண்டு ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு, இன்னொன்று டி, ஜி ஸ்ட்ரிங்குகளுக்கு. இரண்டிலும் காந்தமும் காயிலின் (கம்பிச்சுருளின்) சுற்றும் எதிரெதிராக இருப்பதால், சீரிஸில் இணைக்கும்போது வெளியிலிருந்து வரும் ஹம் (மின்சார இரைச்சல்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நம் ஊர் மேடைகளில், ஜெனரேட்டர், சீரியல் லைட், டிம்மர், சரியாக எர்த் போடாத ஒரு பிளக் பாயின்ட், இவற்றுக்கு நடுவே நின்று வாசிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! பி பேஸ் வைத்திருப்பவர்கள் மாற்றுப் பிக்கப் தேடும்போது ஹம்மைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், ஒலியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். அளவும் பெரும்பாலும் ஒன்றுதான், ஆசியாவில் தயாராகும் பேஸ்களிலும் மரத்தைக் குடையாமல் உட்கார்ந்துவிடும்.

விற்பவர்கள் எல்லோரும் கொடுக்கும் ஒரு எண் டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது காயிலின் மின்தடை. பழைய பாணி பி பிக்கப்புக்கு 10, 11 கிலோ ஓம் அளவில் இருக்கும், அதிகம் சுற்றியது என்றால் அதற்கு மேலே போகும். இந்த எண்ணை வைத்து 'இதுதான் சத்தம் அதிகம்' என்று முடிவுசெய்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒரே காந்தம், ஒரே கம்பி, ஒரே அமைப்பு என்றால் அந்த ஒப்பீட்டுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. காந்தம் மாறினால், கம்பியின் தடிமன் மாறினால் அர்த்தமே கிடையாது. வெயிலில்கூட அது மாறும்: செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடுவதால், ஏசி அறையில் 10.5 காட்டிய பிக்கப் சித்திரை மாத மொட்டை மாடியில் 11-ஐத் தாண்டும். ஒலியில் ஒரு மாற்றமும் இருக்காது. எண்ணைவிடக் காந்தம் என்ன, பிக்கப் எந்தப் பகுதியைத் தூக்குகிறது என்பதைப் பாருங்கள்.

இனி டிமார்சியோ மாடல் பி. கடையின் பட்டியலில் டிபி122 என்று இருக்கும். செராமிக் காந்தம், மேலே அலென் சாவியால் திருகி ஏற்றி இறக்கக்கூடிய முனைகள். செராமிக் என்றவுடன் முகம் சுளிப்பவர்கள் உண்டு, விலை குறைந்த பேஸ்களில் அதுதான் வருகிறது என்பதால். ஆனால் மலிவுப் பிக்கப்பில் காந்தத்தை அடியில் ஒட்டி ஏனோதானோவென்று சுற்றியிருப்பதற்கும், இப்படித் திட்டமிட்டுச் செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. மாடல் பியை மாட்டியவுடன் முதலில் தெரிவது சத்தம் கூடியது. மிக்ஸரில் கெயினைக் குறைத்து அதைச் சமன் செய்த பிறகு தெரிவதுதான் முக்கியம்: லோ மிட் பகுதி திடமாக முன்னால் வந்து நிற்கிறது. ஏ ஸ்ட்ரிங்கின் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏறிப்போகும் ஒரு ஓட்டத்தை வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே கனத்தில் வருகிறது, மேலே போகப்போக மெலிவதில்லை. எங்கள் கீபோர்டு வாசிப்பவர் இடது கையில் எப்போதும் தாழ்ந்த ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டே இருப்பார், அதற்கும் மேலே பேஸ் துலங்கிக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். சவுண்ட் பார்ப்பவரும் பேஸ் சானலில் ஒன்றும் திருகத் தேவைப்படவில்லை என்றார்.

அந்த அலென் திருகுகள் வெறும் அலங்காரம் இல்லை. என் பேஸில் டி ஸ்ட்ரிங் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உரக்கப் பேசும். அந்த ஸ்ட்ரிங்கின் கீழே இருக்கும் இரண்டு முனைகளையும் கொஞ்சம் இறக்கியவுடன் நாலும் சமமாகிவிட்டன. பழைய பாணி பிக்கப்பில் காந்தமே முனை, அதைத் தட்டி இறக்கப் போனால் உள்ளே காயில் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, தயவுசெய்து முயல வேண்டாம். மாடல் பியின் குறை என்னவென்றால் மேலே அந்தக் கண்ணாடித் துல்லியம் கிடையாது. ஸ்லாப் வாசித்தால் கட்டைவிரல் அடி நன்றாகவே வரும், இழுத்து விடும் சத்தம் மட்டும் கொஞ்சம் மொண்ணையாக இருக்கும். ஃபிளாட்வூண்ட் ஸ்ட்ரிங்கோடு சேர்த்தால் என் காதுக்கு ரொம்பவே அடைத்துக்கொண்டது போல் கேட்டது. சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் ஸ்ட்ரிங் போட்டால்தான் இந்தப் பிக்கப்பின் முழு நியாயம் கிடைக்கும்.

சீமோர் டங்கனின் குவார்ட்டர் பவுண்ட், எஸ்பிபி-3, முழுக்க வேறு ஆள். வழக்கமான பி பிக்கப்பின் காந்தக் குச்சிகள் சுமார் 5 மில்லிமீட்டர் விட்டம், இதில் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். ஆல்னிகோ 5. ஃபெண்டர் வெளியிட்ட பிங்க் ஃபிளாய்ட் குழுவில் பேஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் பெயர் தாங்கிய பிரிசிஷன் பேஸில் இருப்பது இதுவே. தனியாக வாசித்தால் மூன்றிலும் இதுதான் மனதை அள்ளும். அடிப்பகுதி பெரிதாக விரிகிறது, பிக் ஸ்ட்ரிங்கைத் தொடும் சத்தம் கூர்மையாக வருகிறது, டிஸ்டார்ஷன் பெடல் போட்டாலும் ஒலி கலங்குவதில்லை. இரண்டு கிட்டார் மிட்டை நிரப்பிக்கொண்டிருக்கும் ராக் குழுவில் கீழேயும் மேலேயும் வந்து உட்கார இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் நம் மெல்லிசை மேடையில் கீழே கிக்கும் டோலக்கும் இருக்கின்றன, மேலே பேட், கஞ்சிரா, கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் இருக்கின்றன, நமக்கென்று இருக்கும் ஒரே காலி இடம் நடுப்பகுதி. இந்தப் பிக்கப் அங்கேதான் பின்வாங்குகிறது. ஈக்யூவில் (ஒலிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 400 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிட்டுப் பார்த்தேன், ஓரளவு சரியானது. ஆனால் ஒவ்வொரு மண்டபத்திலும் மிக்ஸரில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்க முடியாது. இது தரத்தில் குறைந்ததே இல்லை, இடம்தான் வேறு.

பழைய பாணி என்றால் சீமோர் டங்கன் எஸ்பிபி-1, ஃபெண்டரின் ப்யூர் விண்டேஜ் '63 போன்றவை. நான் மாட்டிப் பார்த்தது எஸ்பிபி-1. ஆல்னிகோ 5 குச்சிக் காந்தம், மிதமான சுற்று, அறுபதுகளின் பேஸில் இருந்த அமைப்பு. இது நம் விரலுக்கு அப்படியே கீழ்ப்படியும், மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தினால் ஒரு உறுமலோடு. மாடல் பியில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைவு, எல்லாம் ஒரே உயரத்தில் வரும். அமெரிக்க இசைக் கம்பெனியான மோட்டவுனின் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில், லா பெல்லா ஃபிளாட்வூண்ட் போட்டு, பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஒரு ஸ்பான்ஞ் துண்டு வைத்து வாசித்தார். அந்த ஒலியைத் தேடிப் போகிறவர்கள் அதிக சத்தம் தரும் பிக்கப் பக்கமே போக வேண்டாம். எழுபதுகளின் மெலடிகளை மட்டும் வாசிக்கும் நிகழ்ச்சி என்றால் நானும் ஃபிளாட்வூண்டும் இந்தப் பிக்கப்பும்தான் கேட்பேன். ஒலி உருண்டையாக, பாடகருக்கு அடியில் மெத்தென்று இருக்கும். குத்துப்பாட்டு வந்தால் மட்டும் கொஞ்சம் சத்தம் போதாது.

ஈஎம்ஜி கம்பெனி பற்றிக் கேட்பவர்கள் நிறைய. அவர்களின் பி பிக்கப் ஆக்டிவ், 9 வோல்ட் பேட்டரி வேண்டும், 25 கே பாட் (வால்யூம், டோன் திருகுகளின் உள்பாகம்) வேண்டும், பெட்டியிலேயே வரும், ஜாக்கும் மாற்ற வேண்டும், ஏனென்றால் கேபிளைப் பிடுங்கும்போது பேட்டரி அணைய வேண்டும். சாலிடரிங் தெரியாதவர்களுக்கு இது வசதி, எல்லாம் கிளிப் போட்டு இணைப்பதுதான். இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை, நீள கேபிளிலும் ஒலி மங்காது. சுத்தமான, சமமான, கொஞ்சம் இறுக்கமான ஒலி. நண்பர் ஒருவரின் பேஸில் வாசித்திருக்கிறேன், பிடித்தது, ஆனால் என் பேஸில் பேட்டரி வைக்க இடம் குடைய எனக்கு மனமில்லை.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன ஹம் விஷயம் பொருந்தாது. அதன் இரண்டு பிக்கப்பும் ஒற்றைக் காயில் கொண்டவை. இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருந்தால் ஹம் அடங்கும், ஒன்றைக் குறைத்தவுடன் எழும். மேடைக்காரர்கள் டிமார்சியோ மாடல் ஜே போன்ற ஹம் இல்லாத வகையைப் பார்ப்பது நல்லது. வாங்கும்போது நெக் பிக்கப், பிரிட்ஜ் பிக்கப் என்று பார்த்து வாங்குங்கள், ஃபெண்டர் அளவில் பிரிட்ஜ் பிக்கப் சில மில்லிமீட்டர் நீளம் கூட, ஆனால் சில பேஸ்களில் இரண்டும் ஒரே நீளம். ஆகவே அளந்து பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். பி பிக்கப்பும் ஜே (ஜாஸ்) பிக்கப்பும் சேர்ந்திருக்கும் பேஸில் ஒன்றை மட்டும் மாற்றினால், இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது ஒலி சட்டென்று ஒல்லியாகப் போகலாம். பயப்பட வேண்டாம், ஃபேஸ் எதிராக இருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் அலைகளும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்று அர்த்தம், பி பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போட்டால் சரியாகும். சோப்பார் (சோப்புக் கட்டி வடிவப் பிக்கப்) வகைக்கு பொது அளவே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு நீளம். கழற்றி ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

மாட்டும் வேலை பி பேஸில் ரொம்ப எளிது. ஸ்ட்ரிங்கைக் கழற்றி, பிக்கார்டை (மேலே இருக்கும் தகட்டை) தூக்கினால் ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு ஜாக், அவ்வளவுதான். பழைய ஒயர் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் முதுகில் சாலிடர் பிடிக்க சின்ன 15 வாட் அயர்ன் திணறும், 40 வாட் வைத்துச் சட்டென்று சூடாக்கி எடுத்துவிடுவது பாட்டுக்கும் நல்லது. விலை குறைந்த பேஸ்களில் வரும் குட்டிப் பாட்கள் கரகரவென்று சத்தம் போடும். அதே கையோடு 250 கே பாட் இரண்டும், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் மாற்றிவிடுங்கள். கெப்பாசிட்டரும் ஒயரும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், விலை உயர்ந்த 'விண்டேஜ்' கெப்பாசிட்டர் என்று யாராவது விற்றால் வேண்டாம், அதே மதிப்பில் சாதா பிலிம் கெப்பாசிட்டர் அதே வேலையைச் செய்யும். பிக்கப்புக்கு அடியில் இருக்கும் ஸ்பான்ஞ் நசுங்கித் தட்டையாகியிருந்தால் புதிதாக வையுங்கள், இல்லையென்றால் உயரம் நிற்காது. மூடுவதற்கு முன் கேபிளைச் சொருகி ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், எட்டிலும் 'டொக்' என்று கேட்க வேண்டும். நாலில் மட்டும் கேட்டால் ஒரு துண்டின் இணைப்பு விட்டிருக்கிறது. எட்டிலும் கேட்டும் ஹம் வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்றால் ஒரு துண்டின் ஒயர்கள் தலைகீழாகப் போயிருக்கின்றன.

விலை? மூன்றும் அமெரிக்காவில் 100 டாலரை ஒட்டியவை. இங்கே வந்து சேரும்போது கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து நன்றாகவே ஏறிவிடும். ஆகவே வாங்கும் முன் உங்கள் பேஸின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேஸ் விலையில் பாதி பிக்கப்புக்குப் போகிறது என்றால், நெக்கும் ஃப்ரெட்டும் நன்றாக இருக்கும் பேஸுக்கு மட்டும் அந்தச் செலவு தகும். நெக் முறுக்கிக்கொண்ட பேஸில் தங்கத்தில் பிக்கப் போட்டாலும் பிரயோஜனமில்லை. ஈஎம்ஜி பெயரில் போலிகள் நிறையச் சுற்றுகின்றன, பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, பிக்கப்பில் தேய்வதற்கு ஒன்றும் கிடையாது. மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள், ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்றில் எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. ஒயர் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்றும் பாருங்கள், குட்டையாக வெட்டியதை வாங்கினால் ஒட்டுப் போட வேண்டிவரும். இதே காரணத்துக்காக உங்கள் புதுப் பிக்கப்பை மாட்டும்போதும் மிச்ச ஒயரை வெட்டாமல் சுருட்டி உள்ளேயே வைத்துவிடுங்கள். என் குவார்ட்டர் பவுண்டை அப்படித்தான் வைத்திருந்தேன், ராக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். மாடல் பி பேஸிலேயே இருக்கிறது, எஸ்பிபி-1 அடுத்து வாங்கப்போகும் ஃபிளாட்வூண்ட் பேஸுக்காகப் பெட்டியில் காத்திருக்கிறது.